ரெண்டு நிமிஷம்தானே அப்பா?

சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய மகன் ஞாயிறு மதியம்தான் வந்தான்.

தேசிய சேவையில் சேர்ந்து ஏழாவது வாரம். காட்டில் ஒரு வாரம் ஃபீல்டு கேம்ப் முடித்துவிட்டு வந்திருந்தான். காதோரத்தில் பச்சைச் சாயம் இன்னும் போகவில்லை. சீருடையைத் துவைக்கப் போட்டான். அம்மா வைத்திருந்த நண்டுக் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். ஆனால் பேசவில்லை.

“ஏன்டா ஒரு நாள் லேட்டு? உடம்பு சரியில்லையா?” என்று என் மனைவி மூன்று முறை கேட்டுப் பார்த்தாள். “ஒண்ணுமில்லம்மா” என்ற பதிலுக்கு மேல் எதுவும் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நீங்கள் போய்க் கேளுங்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

மாலையில் அவன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு சட்டைக் கை முடிந்து அடுத்த கைக்கு வந்தபோது அவனாகவே சொன்னான்.

“ரைஃபிள விட்டுட்டுப் போயிட்டேன்ப்பா.”

பள்ளம் தோண்டிக் களைத்துப்போய், துப்பாக்கியை ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுப் புதர்ப் பக்கம் ஒதுங்கியிருக்கிறான். திரும்பி வந்தபோது மரம் இருந்தது, துப்பாக்கி இல்லை. சார்ஜன்ட் எடுத்து வைத்திருந்தார். எல்லார் முன்னிலையிலும் திட்டு விழுந்தது. வார இறுதியில் ஒரு நாள் முகாமிலேயே இருக்க வேண்டும் என்று தண்டனை.

“ரெண்டு நிமிஷம்தானே அப்பா? அந்தக் காட்டுல யாரு வந்து எடுத்துட்டுப் போகப் போறா? ஒரு பொருளுக்காக இவ்வளவா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “சரி விடுடா” என்றேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். மின்தூக்கிக் கதவு மூடிய பிறகுதான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அப்பாக்களுக்கு எப்போதும் அப்படித்தான். அதனால் இந்த வாரப் பத்தியை அவனுக்கே எழுதுகிறேன். பிள்ளைகளைச் சேவைக்கு அனுப்பிய மற்றப் பெற்றோரும் கூட இருந்து கேட்கலாம்.

வெள்ளைத் துணி

நான் 1989ல் சேவைக்குப் போனேன். எங்கள் கையில் இருந்தது எம்16. அதன் உடலில் எம்16எஸ்1 என்று பெயர் பொறித்திருக்கும். அந்த ‘எஸ்’ சிங்கப்பூரைக் குறிக்கும் என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்று இங்கேயே செய்யப்பட்ட துப்பாக்கி அது.

பயிற்சியில் எனக்கு அறவே பிடிக்காத வேலை அதைச் சுத்தம் செய்வது. சுட்டு முடித்த அன்று மாலை எல்லாரும் தரையில் உட்கார்ந்து பாகம் பாகமாகக் கழற்றித் துடைப்போம். தோட்டா போய் உட்காரும் அறையில் சார்ஜன்ட் ஒரு வெள்ளைத் துணியை விட்டுச் சுழற்றி எடுப்பார். கடுகளவு கறுப்பு தெரிந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரவு பத்து மணி வரை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுமென்றே வதைக்கிறார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

காரணம் பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தத் துப்பாக்கியின் வரலாற்றைப் படித்தபோதுதான் தெரிந்தது.

வியட்னாம் போரில் அமெரிக்கப் படையினருக்கு 1965, 66ஆம் ஆண்டுகளில் எம்16 பெரிய அளவில் வழங்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த எம்14ஐவிட அது லேசானது, பின்னுதைப்பும் குறைவு. சிறிய தோட்டா என்பதால் ஒரு வீரர் அதிக எண்ணிக்கையில் சுமக்கலாம். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் போர்க்களத்தில் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே வராமல் அறைக்குள் சிக்கிக்கொள்ளும். குழல் வாய் வழியாக ஒரு கம்பியை விட்டு அதைக் குத்தித் தள்ளினால்தான் அடுத்த தோட்டா. எதிரி நூறடி தூரத்தில் இருக்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டும். பாதி கழற்றிய துப்பாக்கியோடு இறந்து கிடந்தவர்கள் உண்டு.

தவறு எங்கே நடந்தது? சுட்டவர்களிடம் அல்ல. தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்தின் வகையை இடையில் மாற்றியிருந்தார்கள். அந்த மருந்து அதிகக் கரியை விட்டது, துப்பாக்கியின் வேகத்தையும் கூட்டியது. தோட்டா அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. வியட்னாமின் ஈரத்தில் அது அரித்துப்போனது. அதோடு, இந்தப் புதுத் துப்பாக்கிக்கு அதிகம் பராமரிப்பு தேவைப்படாது என்ற பேச்சும் பரவியிருந்தது. துடைக்கும் கருவிகளே பலருக்குக் கொடுக்கப்படவில்லை. 1967ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு விசாரித்து, நிர்வாகத்தின் மீது கடுமையாகக் குற்றம் சாட்டியது.

பிறகு குரோம் பூச்சு வந்தது. துடைக்கும் கருவிகள் வந்தன. பராமரிப்பைச் சொல்லித்தரப் படக்கதை வடிவில் ஒரு கையேடும் வந்தது. அதை வரைந்தவர் புகழ்பெற்ற ஓவியர் வில் ஐஸ்னர். எங்கள் கைக்கு வந்தபோது எம்16 நம்பகமான துப்பாக்கியாகிவிட்டது.

சார்ஜன்டின் வெள்ளைத் துணிக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது. அது அவருக்கே தெரியுமோ என்னவோ. இருபது வயதுப் பையன்கள் சிலர் உயிரைக் கொடுத்து எழுதிய பாடத்தை நான் பத்து மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு படித்திருக்கிறேன்.

யார் எடுத்தாலும் சுடும்

மகனே, “யாரு வந்து எடுத்துட்டுப் போகப் போறா?” என்று கேட்டாய். அதற்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது.

த்ரீ நாட் த்ரீ என்று நம் தாத்தாக்கள் சொல்வார்களே, அது லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. 1895ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்து, 1950கள் வரை அதன் வடிவங்கள் காலாட்படையின் கையில் இருந்தன. நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் எடை. பத்துத் தோட்டா கொள்ளும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டும். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் வீரர்கள் இதைத் தூக்கிக்கொண்டுதான் கடல் கடந்து போனார்கள். மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க வந்தவர்களிடம் இருந்ததும் இதுவே.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்திய வீரர்களைக் கூட்டி நிறுத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். அந்தப் படைக்குப் பெரும்பாலும் கிடைத்த ஆயுதங்கள் எவை தெரியுமா? பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றியவை. நேற்றுவரை பிரிட்டிஷ் மன்னருக்காகத் தோளில் ஏறிய அதே துப்பாக்கி, இன்று அவருக்கு எதிராக அதே தோளில் ஏறியது.

1943 அக்டோபரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. தலைமையேற்றவர் சென்னையிலிருந்து வந்து இங்கே மருத்துவராக இருந்த கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைப் பார்த்தே இராத பெண்கள் அதன் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கிப் பழகினார்கள். பருத்திச் சேலைக்குப் பதில் கால்சட்டை, பால்வாளி தூக்கிய கையில் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான துப்பாக்கி. அடுத்த முறை பூகிஸ் பக்கம் போகும்போது அந்தச் சாலை வழியாக நடந்து பார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், துப்பாக்கிக்குக் கட்சி கிடையாது. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்காகச் சுடும். அது எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பது பிடித்திருப்பவர் மட்டுமே. நீ மரத்தடியில் விட்டுப்போன அந்த இரண்டு நிமிடம், அது யாருடைய துப்பாக்கியும் இல்லை. சார்ஜன்டுக்கு வந்த கோபம் அதனால்தான்.

கடையில் வாங்குவதா, வீட்டில் செய்வதா

நீ சின்ன வயதில் கேட்ட கேள்வி ஒன்றும் நினைவிருக்கிறது. “ஒவ்வொரு நாட்டுக்கும் ஏன்ப்பா வேற வேற துப்பாக்கி?” தேசிய தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கும் நான் ஏதோ சொல்லித் தப்பித்தேன்.

ஒரு ராணுவம் தன் வீரர் எல்லாருக்கும் எந்தத் துப்பாக்கியைக் கொடுக்கிறது என்று பார்த்தால், அந்த நாட்டின் வீட்டுக் கணக்கே ஓரளவு தெரிந்துவிடும். பணம் எவ்வளவு, நட்பு யாரோடு, எந்த நிலத்தில் போர் வரும் என்று பயப்படுகிறார்கள், தன் கையால் செய்யும் திறமை இருக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இந்தியாவை எடுத்துக்கொள். 1962ல் இமயமலையில் சீனாவுடன் போர் வந்தபோது இந்திய வீரர்கள் பலரிடம் இருந்தது அதே பழைய த்ரீ நாட் த்ரீதான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளிக்கொண்டு, அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகளை எதிர்கொண்டார்கள். அதற்குப் பிறகே எஸ்எல்ஆர் வந்தது. பெல்ஜியத்தில் பிறந்த அந்தத் துப்பாக்கி தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. 1990களில் இந்தியா சொந்தமாக இன்சாஸ் என்ற துப்பாக்கியைச் செய்தது. நம் திருச்சியில் உள்ள தொழிற்சாலையிலும் அது தயாரானது. 1999ல் கார்கில் மலைக் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன. சொந்தமாகச் செய்வது பெருமைதான். அந்தப் பெருமைக்கான சோதனை தொழிற்சாலையில் முடிவதில்லை.

சுவிட்சர்லாந்திலும் நம்மைப்போல் கட்டாய ராணுவச் சேவை உண்டு. அங்கே சேவையாளர்கள் தங்கள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அதை நினைத்துப் பார். வீவக வீட்டில் செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கி! நாம் அதை ஆர்ம்ஸ்கோட்டில் வைத்துப் பூட்டி, எண்ணிப் பார்த்து, மறுபடியும் எண்ணிப் பார்க்கிறோம். ஒரே ஆயுதம்தான். அதை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொரு நாட்டின் குணமும் தெரிகிறது.

அக்கரையில் மலேசிய ராணுவம் எஸ்எல்ஆர், எம்16 என்று போய், ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆகுக்கு மாறி, பிறகு எம்4க்கு வந்தது. ஜொகூரில் இருக்கும் உன் மாமாவைக் கேட்டால் எது நல்லது என்று ஒரு மணி நேரம் பேசுவார்.

சிங்கப்பூரின் கதை 1967ல் தொடங்குகிறது. தேசிய சேவை தொடங்கிய அதே ஆண்டில்தான் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனமும் அமைந்தது. முதலில் அது செய்தது துப்பாக்கி இல்லை, தோட்டா. அரிசியை அடுத்த வீட்டில் கடன் வாங்கலாம், ஆனால் ஆபத்து நேரத்தில் தோட்டாவுக்குக் கை நீட்டி நிற்க முடியாது. பிறகு உரிமத்தோடு எம்16. ஆனால் அந்த உரிமத்தில் ஒரு முடிச்சு இருந்தது. இங்கே செய்ததை வெளியே விற்க அமெரிக்காவின் அனுமதி வேண்டும். நாமே சமைத்தாலும் யாருக்குப் பரிமாறலாம் என்று வேறொருவர் சொல்வதுபோல. அதனால் சொந்த வடிவத்தில் எஸ்ஏஆர் 80, எஸ்ஆர் 88 என்று செய்து பார்த்தார்கள். அவை நம் படையின் பொதுத் துப்பாக்கியாகவில்லை. ஆனால் செய்து பழகிய கை வீண்போகவில்லை. 1999ல் எஸ்ஏஆர் 21 வெளிவந்தது.

அதுதான் உன்னிடம் இருப்பது. உன்னைவிட வயதில் மூத்த வடிவம். என் எம்16 ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உன்னுடையது 80 சென்டிமீட்டர்தான். ஆனாலும் குழலின் நீளம் குறையவில்லை. மேகசினையும் தோட்டா அறையையும் விசைக்குப் பின்னால் தள்ளியதால் மொத்த நீளம் மட்டும் சுருங்கிவிட்டது. கவச வண்டிக்குள் ஏறி இறங்கவும், அடுக்குமாடிப் படிக்கட்டில் திரும்பவும் அது வசதி. தோட்டா அறை கன்னத்துக்குப் பக்கத்தில் வருவதால் அங்கே ஒரு கெவ்லார் தகட்டையும் வைத்திருக்கிறார்கள். மேகசின் வழியாக உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்கலாம். என்னுடையதைவிட ஏறக்குறைய ஒரு கிலோ கனம் கூடுதல். நான் அதிகமாகச் சுமந்தேன் என்று இனிமேல் உன்னிடம் பெருமை பேச முடியாது.

அம்மாவின் கேள்வி

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு ஒன்று கேட்டாள். “எல்லாம் சரிங்க. இதைச் செஞ்சவங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா?”

உலகத்தில் மிக அதிகமாகப் பரவிய ராணுவத் துப்பாக்கி ஏகே-47. அதை வடிவமைத்த மிகைல் கலாஷ்னிகோவ், 1941ல் நாஜி ஜெர்மனியுடன் நடந்த சண்டையில் காயமடைந்த ஒரு டாங்கிப் படை வீரர். தன் நாட்டு வீரர்களுக்கு நல்ல ஆயுதம் இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் வரையத் தொடங்கினார். 1949ல் சோவியத் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. சேற்றில் விழுந்தாலும் சுடும். அதிகம் படிக்காதவரும் சீக்கிரம் பழகலாம். அதே காரணங்களால் அது சிறுவர்கள் கைக்கும் கொள்ளைக்காரர்கள் கைக்கும் போனது. குற்றம் அரசியல்வாதிகளுடையது, என்னுடையது இல்லை என்று அவர் நெடுங்காலம் சொல்லி வந்தார்.

2013 டிசம்பரில், 94 வயதில் அவர் இறந்தார். ரஷ்யத் திருச்சபையின் தலைவருக்கு அவர் எழுதியிருந்த கடிதம் அதன் பிறகு வெளியானது. தன் துப்பாக்கி பறித்த உயிர்களுக்குத் தானும் பொறுப்பா என்ற கேள்வி தன்னை விடாமல் வாட்டுகிறது என்று அதில் எழுதியிருந்தார். தாய்நாட்டைக் காக்கும் ஆயுதத்தைத் திருச்சபை ஆதரிக்கிறது என்று அதன் பேச்சாளர் விளக்கம் தந்தார். அந்தப் பதில் அவர் மனத்தை ஆற்றியதா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

உன் அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அந்தக் கேள்வி அவருக்கு வந்துச்சே, அது போதும்” என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். துப்பாக்கியை ஒரு பொருள்தானே என்று நினைக்கத் தொடங்கும் இடத்தில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. வெடிமருந்தை மாற்றிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது ஒரு பொருள். பெட்டி பெட்டியாக விற்றவர்களுக்கும் அது ஒரு பொருள். கையில் வைத்திருப்பவனுக்கு மட்டும் அது பொருளாகிவிடக் கூடாது.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மாலை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது இது. 1989ல் நானும் விட்டுவிட்டுப் போனேன். மரத்தடியில் இல்லை, ஓய்வெடுத்த ஒரு மேட்டில். எழுந்து பத்தடி நடந்து, தோள் லேசாக இருப்பதை உணர்ந்து திரும்பினால் இல்லை. அதுவும் சார்ஜன்டிடம்தான் இருந்தது. அவர் கத்தவில்லை. “யுவர் நம்பர்?” என்று மட்டும் கேட்டார். நான் என் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். “நாட் யூ. யுவர் ரைஃபிள்.” சொன்னேன். கொடுத்தார். அன்றிரவு கூடாரத்தில் போர்வைக்குள் அழுததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும்.

இரண்டரை ஆண்டுகள் கழித்து அந்தத் துப்பாக்கியைக் கடைசியாகத் துடைத்து ஆர்ம்ஸ்கோட்டில் கொடுத்தேன். நூற்றுக்கணக்கான அட்டை இலக்குகளைச் சுட்டிருக்கிறேன். ஒரு மனிதரைக் குறிவைத்ததில்லை. எனக்குத் தெரிந்து அந்தத் துப்பாக்கிக்குச் சொல்லக்கூடிய மிகச் சிறந்த வரலாறு அதுதான். உன் துப்பாக்கிக்கும் அதே வரலாறு அமையட்டும் என்றுதான் உன் அம்மா தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறாள். அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை, எனக்குத் தெரியும்.

என் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இன்னும் மறக்கவில்லை. திருமண நாளை இரண்டு முறை மறந்திருக்கிறேன், இதை மறந்ததில்லை. அடுத்த சனிக்கிழமை வரும்போது உன்னுடையதைச் சொல். என்னுடையதையும் சொல்கிறேன்.

நண்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமையே வந்துவிடு.